பாவு போட்ட தெருக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் பாதி இடங்களின் பெயரைச் சொன்னாலே அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். செவ்வாய்ப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை சந்தை கூடிய பேட்டை அது. நாங்கள் பேச்சில் செவ்வாப்பேட்டை என்போம். இன்றும் லீ பஜாரில் பருப்பும் தானியமும் மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. பக்கத்துச் சந்துகளில் வெள்ளிக் கொலுசு வேலை. கம்பி இழுப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர் என்று ஒரு கொலுசு பல கைகள் மாறித்தான் கடைக்குப் போகும்.

ஆனால் நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது குகையையும் அம்மாபேட்டையையும் பற்றி. இரண்டும் நெசவாளர்களின் பேட்டைகள். நான் குகையில் பிறந்தவன். அப்பா குழித்தறியில் நெய்தவர்.

எங்கள் பக்கம் பாவடி என்று ஒரு சொல் உண்டு. பாவு விரிக்கும் இடம் என்று பொருள். துணியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, பிரஷால் நீவிவிட வேண்டும். வீட்டுக்குள் அதற்கு ஏது இடம்? தெருதான் இடம். விடியும் முன்பே தொடங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் கஞ்சி சீக்கிரம் காய்ந்து நூல் முறுகிவிடும், மழை வந்தால் எல்லாமே வீண். இது ஒரு குடும்பத்தால் ஆகிற வேலையும் இல்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிடாமலே வந்து நிற்பார்கள், நாளைக்கு அவர்கள் பாவுக்கு நாங்கள் போவோம். சின்ன வயதில் பாவு விரித்திருக்கும்போது குறுக்கே ஓடி அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். ஒரு இழை அறுந்தால் அதைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட எவ்வளவு நேரமாகும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் விசைத்தறி வந்தது. ஆலையிலேயே கஞ்சி போட்ட பாவு வந்தது. தெருவில் வண்டிகள் நிற்க ஆரம்பித்தன. தெரு அகலமாக இருப்பது வண்டி நிறுத்தத்தான் என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதைக் கேட்கும்போது மனசு வலிக்கிறது.

ஊர் மாறட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. 1866இல் நகராட்சியான ஊர் இது. ராஜாஜி அதன் தலைவராக இருந்திருக்கிறார். 1994இல் மாநகராட்சி ஆனது. சாலைகளை எண்ணி ஐந்து ரோடு என்று பெயர் வைத்த இடத்தில் இப்போது ஈரடுக்கு மேம்பாலம் நிற்கிறது. சரி, நல்லதுதான். சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்கு நடுவே ஓடும் திருமணிமுத்தாற்றைச் சாக்கடையாக்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கோட்டை எழுந்ததும், கோட்டை மாரியம்மன் குடிகொண்டதும் அந்த ஆற்றங்கரையில்தான்.

ஆடி வந்தால் மட்டும் பழைய சேலம் திரும்பி வந்துவிடும். ஊரில் உள்ள மாரியம்மன் கோயில்கள் எல்லாம் சேர்ந்தே பண்டிகை கொண்டாடும். குகையில் வண்டி வேடிக்கை. சாமி வேடம் போட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வருவதைப் பார்க்கத் தெரு முழுக்கத் தலைகள் நிறைந்திருக்கும்.

இந்த ஆடியில் நீங்களும் வாருங்கள். கூட்டம் சேரும் முன் கொஞ்சம் சீக்கிரமே வந்து, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் யாரிடமாவது, "ஐயா, இந்தத் தெருவில் பாவு எந்த முனையிலிருந்து கட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். எழுந்து வந்து இடத்தைக் காட்டுவார்.

நன்றி, வணக்கம்.