ஓர் இலக்கம் மாறினால்

நேயர்களுக்கு வணக்கம். 2009 மார்ச் 20 இரவு, மெல்போர்ன் விமான நிலையத்தில் 275 பேருடன் விரைந்த ஏர்பஸ் ஏ340 விமானம் ஒன்று, எழ வேண்டிய இடத்தில் எழாமல், வால் தரையில் உரசி, ஓடுபாதையின் முடிவையும் கடந்த பிறகே மேலே கிளம்பியது. என்ஜின்களில் பழுது ஏதும் இல்லை. புறப்பாட்டுக் கணக்கில் 362.9 டன் என்று இருக்க வேண்டிய எடை, 262.9 டன் என்று பதிவாகியிருந்தது.

எடையை வைத்துத்தான், புறப்பாட்டைக் கைவிடுவதா தொடர்வதா என்று முடிவெடுக்கும் வி-1 என்னும் வேகம், மூக்கைத் தூக்கும் வேகம், பாதுகாப்பாக மேலேறும் வேகம் ஆகிய மூன்றும் கணக்கிடப்படுகின்றன. என்ஜின் தேய்மானத்தைக் குறைப்பதற்காக, ஓடுபாதை நீளமாக இருக்கும்போது முழு உந்துவிசையைப் பயன்படுத்தாமல், அன்றைய எடைக்குப் போதுமான அளவை மட்டுமே கொடுப்பது வழக்கம். ஆகவே எடை குறைத்துப் பதிவானால் வேகமும் தவறு, உந்துவிசையும் தவறு. அந்த உந்துவிசை நாளுக்கு நாள் மாறுவதால், 'இன்று விமானம் மெதுவாக ஓடுகிறதே' என்று விமானியின் உடல் எளிதில் உணர்ந்துகொள்வதும் இல்லை. இருளில் அது இன்னும் கடினம். அன்று கடைசி நொடிகளில் முழு உந்துவிசை கொடுக்கப்பட்டதால்தான் அனைவரும் உயிர் தப்பினர்.

வெப்பமும் கடல்மட்டத்திலிருந்து ஓடுபாதையின் உயரமும் காற்றை மெலிதாக்கி, இறக்கையின் தூக்குவிசையையும் என்ஜினின் வலிமையையும் ஒருசேரக் குறைப்பதால், அவையும் இந்தக் கணக்கில் சேர்கின்றன. எரிபொருள் கணக்கு தனி: பயணத்துக்கு, எதிர்பாராத செலவுக்கு, மாற்று விமான நிலையத்துக்கு, இவற்றுக்கும் மேலாக 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமிட. கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னையும் சுமந்து செல்லவே எரிபொருள் செலவாகிறது என்பதைப் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

இறுதி எடைச்சீட்டு, புறப்படும் பரபரப்புக்கு நடுவே கைக்கு வருகிறது. அதனால்தான் விமானிகள் இருவரும் ஒருவர் கணக்கை மற்றவர் பாராமல் தனித்தனியே போட்டு, பிறகு ஒப்பிட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். ஒருவர் தட்டிய எண்ணை மற்றவர் பார்த்துத் தலையசைப்பது சரிபார்ப்பு ஆகாது. அதற்கும் முன்னால், இந்த எடைக்கு வேகம் ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று மனத்துக்குள் ஓர் உத்தேச எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்; திரையில் வரும் விடை அதிலிருந்து வெகுதூரம் விலகி நின்றால், விமானத்தை நகர்த்தாமல் எடைச்சீட்டை மறுபடி கையில் எடுங்கள்.