அக்கா, தங்கச்சி, நடுவுல ஒரு பலாப்பழம்: நான் எடுக்கப்போற குறும்படம்

வணக்கம் மக்கா. செங்கோட்டைப் பக்கம் புளியரையில எங்க வீட்டுப் பின்வாசல்ல உக்காந்து பேசுறேன். பின்னாடி சத்தம் கேக்குதுல்ல, அது சாரல். ரெண்டு நாளா விடல. குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சுட்டா இங்கயும் இப்படித்தான், கோட்டவாசல் கணவாய் வழியா வர்ற காத்து நேரா மூஞ்சியில அடிக்கும். மைக்கை துப்பட்டாவுக்குள்ள மாட்டியிருக்கேன். கரகரன்னு கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

குறும்படம் எடுக்கப்போறேன்னு சொல்லியிருந்தேன்ல, அதோட கதையை இன்னைக்குச் சொல்லிடுறேன். சொத்தால வந்த அக்கா தங்கச்சி சண்டை. வேற யாரும் இல்ல, எங்க பெரியம்மாவும் அம்மாவும். ரெண்டு பேருகிட்டயும் கேட்டுட்டுத்தான் இங்க சொல்றேன். அம்மா, "எடு, ஆனா பேரை மாத்திரு"ன்னாங்க. பெரியம்மாகிட்ட அதைச் சொன்னேன். "பேரை மாத்துனா அது நான்னு எப்படித் தெரியும்?"னு கேட்டாங்க. நான் பதில் சொல்லாம போனைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். இத்தனை வருசத்துல அவங்க வாயில இருந்து அதைப் பத்தி வந்த முதல் வார்த்தை அதுதான்.

விசயம் இதுதான். பெரியம்மாவை ஆரியங்காவுல கட்டிக் குடுத்தாங்க. மலை ஏறி இறங்குனா ஆரியங்காவு, அது கேரளா. செங்கோட்டையே முன்னாடி திருவிதாங்கூர் ராஜ்யத்துலதான் இருந்துச்சு, 1956 நவம்பர் 1லதான் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்துச்சு, எங்க தாத்தா பிறந்தது அந்த ராஜ்யத்துல. அதனால பொண்ணை வேற மாநிலத்துக்கு அனுப்புறோம்னு அவருக்குத் தோணவே இல்ல. அந்தக் கல்யாணம் 1989 தை மாசம் நடந்துச்சு. அதே வருசம் தமிழ்நாட்டுல கலைஞர் ஆட்சி இந்து வாரிசுரிமைச் சட்டத்துல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க. பூர்வீகச் சொத்துல மகனுக்கு என்ன உரிமையோ அதே உரிமை மகளுக்கும்னு சொன்ன சட்டம் அது. ரொம்பப் பெரிய சட்டம். எங்க அம்மா மாதிரி எத்தனை பேருக்கு அது சோறு போட்டிருக்கு. ஆனா அதுல ஒரு தேதி இருந்துச்சு. 1989 மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்கு அந்த உரிமை கிடையாது.

தையில கல்யாணம், பங்குனியில சட்டம். ரெண்டு மாசம் மக்கா.

அம்மா கல்யாணம் 1992ல. 1996ல தாத்தா உயிரோட இருக்கும்போதே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிஞ்சாங்க. தாத்தாவுக்கு ஒரு பங்கு, மாமாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு. பெரியம்மாவுக்கு இல்ல. அதுக்கப்புறம் 2005 செப்டம்பர் 9ல மத்தியச் சட்டம் வந்து அந்தக் கல்யாணத் தேதிக் கணக்கையே எடுத்துட்டாங்க. 2020 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றமும் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமைன்னு உறுதியாச் சொல்லிருச்சு. ஆனா 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி முறையாப் பதிஞ்சு முடிச்ச பாகப்பிரிவினையைத் திரும்பக் கிளற முடியாது. எங்க வீட்டுப் பத்திரம் 1996. பெரியம்மாவுக்கு ஒவ்வொரு கதவும் அவங்க தாண்டிப் போனப்புறம்தான் திறந்திருக்கு.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்னா, இந்தக் கதையில வில்லன் கிடையாது. தாத்தா சட்டப்படிதான் எழுதினாரு. அம்மா யாரையும் ஏமாத்தல. பெரியம்மா ஒரு நாள்கூட வந்து கேக்கல. நான் படிச்சது அந்த வயல் நெல்லுலதான். இப்ப இதைப் பிடிக்குற கேமராவும் அந்தக் காசுதான். அதனால ஒருத்தியைப் பேராசைக்காரியா, இன்னொருத்தியை அழுமூஞ்சியா காட்டுற படம் என்னால எடுக்க முடியாது. அப்படி எடுத்தா நான் ரெண்டு பேருக்கும் துரோகம் பண்றேன்.

முதல்ல எழுதுன ஸ்கிரிப்ட் 31 பக்கம். பத்திரப் பதிவு ஆபீஸ், தாத்தா சாவு, எல்லாம் இருந்துச்சு. 2020ல எல்லையில பாஸ் இல்லாம விடமாட்டேன்னு சொல்லி, ஆச்சி காரியத்துக்குப் பெரியம்மா வர முடியாமப் போனதையும் எழுதியிருந்தேன். அதை எழுதும்போது நானே அழுதேன். இப்ப அதை எடுத்துட்டேன். பன்னெண்டு நிமிசப் படத்துக்கு ஒரு காயம் போதும். ரெண்டாவது காயத்தை வச்சா பாக்குறவங்க முதல் காயத்தை மறந்துருவாங்க.

இப்ப மிச்சம் இருக்குறது ஒரே இடம், ஒரே மதியம். பின்வாசல்ல அக்காவும் தங்கச்சியும் பலாப்பழம் வெட்டுறாங்க. அவ்வளவுதான்.

ஏன் பலாப்பழம்? பெரியம்மா எப்ப வந்தாலும் ஒரு பழத்தோடதான் வருவாங்க. 2010ல செங்கோட்டை-புனலூர்ப் பாதையில மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தி, 2018ல அகலப்பாதை வர்ற வரைக்கும் எட்டு வருசம் பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டு வந்தாங்க. அவங்களுக்கு அது சக்க, எங்களுக்குப் பலா. ரெண்டு மாநிலத்துக்கும் அதுதான் மாநிலப் பழம். இன்னொரு காரணமும் இருக்கு, அதுதான் முக்கியம். இருங்க, காட்டுறேன்.

இது நேத்து வாங்குனது. இப்படி வெட்டுனதும் பாருங்க, வெள்ளையா பால் வருது. இது கையில பட்டா பிசின். சோப்பு போட்டாலும் போகாது, தேங்காயெண்ணெய்தான் போட்டுத் தேய்க்கணும். அதனால உக்காந்துட்டா எந்திரிக்க முடியாது. போன் அடிச்சா எடுக்க முடியாது. கண்ணுல தண்ணி வந்தாக்கூட துடைக்க முடியாது, புறங்கையாலதான் ஒத்தணும். சண்டை போடுற ரெண்டு பேரை எதிரெதிரா உக்கார வைக்க இதைவிட நல்ல கட்டு எனக்குத் தெரியல.

படம் இப்படி ஆரம்பிக்குது. அக்கா கேக்குறா, "ஏட்டி, எண்ணெ தடவுனியா?" தங்கச்சி, "தடவியாச்சுக்கா." அக்கா, "கத்தியில இல்லட்டி, கையில." இந்த மூணு வரியில அவ இன்னும் அக்காதான்னு தெரிஞ்சுரும். அப்புறம் சுளை எடுக்குறாங்க, சுளையைச் சுத்தியிருக்குற சடையை ஒதுக்குறாங்க, கொட்டையைத் தனியா போடுறாங்க, ஊர்க்கதை பேசுறாங்க. நாலாவது நிமிசம் தங்கச்சி தானாவே சொல்றா, "வருசா வருசம் உனக்கு நெல்லு அனுப்பிக்கிட்டுத்தான இருந்தேன்." அக்கா நிமிரக்கூட மாட்டா. "நெல்லு கேட்டனா நான்?"

அதுக்கப்புறம் ஒரு முழு நிமிசம் வசனம் கிடையாது. சுளை பிரியுற சத்தம் மட்டும். அந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் இந்தப் படமே.

படத்துக்குப் பேரு 'மதி'. மலையாளத்துல மதின்னா போதும். பெரியம்மா போதும்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. சோறு போட்டாலும் மதி, சண்டைன்னாலும் மதி. கடைசி வார்த்தையும் அதுதான். தங்கச்சி அக்காவோட பாத்திரத்துல சுளையை அள்ளி அள்ளி வைப்பா, அக்கா "மதி"ன்னு சொல்லுவா. மன்னிச்சுட்டாளா, வேண்டாம்னு தள்ளுறாளான்னு எனக்கே இன்னும் முடிவாகல. நடிக்குறவங்க வந்து அதைச் சொல்லிப் பாக்கும்போதுதான் தெரியும்.

வேலைக் கணக்குக்கு வர்றேன். வெட்டுன பழத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால ஒரு பழத்தை நாலா பிளந்தா நாலு டேக்தான். வருக்கைப் பலாதான் வேணும், கூழைப் பலா ரெண்டாவது டேக்லயே குழைஞ்சுரும். ரெண்டு நாளைக்கு அஞ்சு பழம்னு வச்சிருக்கேன். அக்கா இடது பக்கம், தங்கச்சி வலது பக்கம். கேமரா எப்பவும் அடுப்படிப் பக்கமே நிக்கும். கிணத்துப் பக்கம் தாண்டிட்டா ரெண்டு பேரும் ஒரே திசையில பாக்குற மாதிரி ஆயிரும், எதிரெதிர்ங்கிறது போயிரும். மழை ஒரு டேக்ல பெய்யும், அடுத்த டேக்ல நிக்கும், அதை நம்ப முடியாது. வசனத்தை மைக்கை நெஞ்சுக்குக் கிட்ட வச்சு எடுத்துட்டு, ஓட்டுல விழுற மழைச் சத்தத்தைத் தனியா ரெண்டு நிமிசம் பதிவு பண்ணி, சீன் முழுக்க அடியில போட்டுருவேன். தென்மலைப் பக்கம் இருக்குற பதிமூணு கண் ரயில் பாலத்தை ஒரு ஷாட் வைன்னு நண்பர்கள் சொல்றாங்க. அழகான பாலம்தான். இந்தக் கதைக்கு அது வேண்டாம்.

எனக்கு இப்ப வேண்டியது ரெண்டு பேர். ஐம்பது வயசுக்கு மேல இருக்கணும். அக்காவா வர்றவங்க மலையாளம் கலந்த தமிழ் இயல்பாப் பேசணும். தென்மலை, ஆரியங்காவு, புனலூர்ப் பக்கம் இருக்குறவங்களா இருந்தா ரொம்ப நல்லது. நடிச்ச அனுபவம் தேவையில்ல. முகத்தைக் காட்டி வீடியோ அனுப்ப வேண்டாம். வீட்டுல பலாப்பழம் வெட்டும்போது உங்க கையை மட்டும் ஒரு நிமிசம் எடுத்து அனுப்புங்க. பேச வேண்டாம். ஆனி முடியுறதுக்குள்ள அனுப்பிருங்க, அப்புறம் பழம் கிடைக்காது.

எனக்கு இப்ப கை முழுக்கப் பிசின். எண்ணெ போட்டுட்டு வந்துதான் கேமராவை நிறுத்தணும். அம்மா, அந்த எண்ணெக் குப்பியை இங்க கொண்டாங்களேன்.