இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு ஆஸ்பத்திரி

(நீலகிரி மாவட்டத்தில், கேரள எல்லையோரம் பந்தலூர் பக்கம் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வாசலில் நிற்கிற தம்பிகள் உள்ளே வந்து உட்காருங்கள், மழை இப்போதைக்கு விடாது. சேச்சிமார்களுக்கு என் தமிழ் வேகமாக இருந்தால் கையைத் தூக்குங்கள், நிறுத்திச் சொல்கிறேன்.

நான் முப்பத்தோரு வருஷம் நர்ஸ். பாதி கேஷுவாலிட்டி என்கிற அவசரப் பிரிவில், பாதி பிரசவ வார்டில். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். "நம்ம ஊர் எமர்ஜென்சியை மூடிவிடுவார்களா சிஸ்டர்?" என்று கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். மூட மாட்டார்கள். ஆர்டர் போட்டு மூடினால் நீங்கள் மறியல் செய்வீர்கள் அல்லவா? சிவப்புப் பலகை அப்படியே இருக்கும், டியூப்லைட்டும் எரியும். முதலில் மயக்க மருந்து டாக்டர் மாற்றலாகிப் போவார், அந்த இடம் காலியாகவே கிடக்கும். மயக்கம் கொடுக்க ஆளில்லாமல் சிசேரியன் செய்ய முடியாது. அப்புறம் பிரசவ டாக்டர் எதற்கு என்று அவரை வேறு ஊருக்கு டெபுடேஷனில் அனுப்புவார்கள். ஆபரேஷனே இல்லாத இடத்தில் ரத்தம் எதற்கு என்று அந்த ஃபிரிட்ஜும் மூலைக்குப் போகும். கடைசியில் மிஞ்சுவது ஒரு டியூட்டி டாக்டர், ஒரு நர்ஸ், வேறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதித் தருகிற ரெஃபரல் சீட்டு ஒரு கட்டு.

சீட்டு எழுத இரண்டு நிமிஷம் போதும். அதை வைத்துக்கொண்டு எங்கே போவது? ஊட்டியில் 700 படுக்கையோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை 2025 ஏப்ரலில் திறந்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் கூடலூரிலிருந்தே 50 கிலோமீட்டர் ஏற்றம். நடுவட்டத்தில் பனி இறங்கிவிட்டால் ஆம்புலன்ஸும் மாட்டுவண்டியும் ஒன்றுதான். சேரம்பாடிக்காரருக்கு சுல்தான் பத்தேரி அதில் பாதித் தூரம்கூட இல்லை. அதனால் ஜீப்பைப் பிடித்து கேரளத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

ஒரு ராத்திரி, பணியர் பழங்குடிப் பெண் ஒருத்திக்குப் பிரசவம் முடிந்து ரத்தம் நிற்கவில்லை. இரண்டாவது குழந்தை. ஊசி போட்டாயிற்று, குளுக்கோஸ் ஓடுகிறது, ரத்தம் மட்டும் இல்லை. ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். கருப்பையை வயிற்றின் மேல் அழுத்திப் பிடித்தபடியே போக வேண்டும், கையை எடுத்தால் மறுபடி பெருகும். பாதி வழியில் டிரைவர் வண்டியை நிறுத்தி லைட்டை அணைத்தார். முன்னால் இரண்டு யானை, ஒரு குட்டி. இருட்டில் அவள் மூச்சு எனக்குக் கேட்கிறது, யானை மூங்கில் ஒடிக்கிற சத்தமும் கேட்கிறது. இருபது நிமிஷம் இருக்கும். எல்லை தாண்டிப் போய்ச் சேர்ந்ததும் கவுண்டரில் முதல் கேள்வி, "தமிழ்நாட்டில்நின்னாணோ?" தமிழ்நாட்டிலிருந்தா என்று. நம் காப்பீட்டு அட்டை அன்றைக்கு அங்கே செல்லவில்லை. ஆனாலும் அந்த டியூட்டி டாக்டர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பிழைத்துக்கொண்டாள்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அவள் பத்தேரிப் பக்கத்து ரிஜிஸ்டரில் ஒரு எண். எங்கள் ரிஜிஸ்டரில் ‘ரெஃபர்டு’. நேராகவே ஜீப்பில் போனவர்கள் எங்கள் ரிஜிஸ்டரில் எதுவுமே இல்லை. வருஷக் கடைசியில் மேலதிகாரி புரட்டிப் பார்க்கிறார்: பிரசவம் குறைவு, ஆபரேஷன் இல்லை, இத்தனை பணியிடம் எதற்கு? டாக்டர் இல்லாததால் ஆள் வரவில்லை, ஆள் வராததால் டாக்டர் இல்லை.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 1992இல் மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயக் கூலி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாக அலைந்தும் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை மறுப்பது வாழும் உரிமையைப் பறிப்பது, அரசிடம் பணமில்லை என்பது சாக்காகாது என்று சொல்லி, அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், நம் ரோட்டில் அடிபடுகிறவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரத்துக்குச் செலவில்லை. நல்ல திட்டம். ஆனால் அது சாலை விபத்துக்கு. பிரசவத்துக்கும் பாம்புக்கும் யார் பதில் சொல்வது?

பாம்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான். காப்பித் தோட்டத்தில் சருகோடு சருகாகக் கிடக்கிற, மூக்கு நுனி தூக்கிய சின்னக் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அந்தப் பாம்பின் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், டயாலிசிஸ்கூட வேண்டியிருக்கலாம். அதற்காக ரெஃபர் செய்தால் நியாயம். விஷத்தால் ரத்தம் உறையாமல் போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு காய்ந்த கண்ணாடிக் குழாயும் இருபது நிமிஷமும் போதும். அதைக்கூடப் பார்க்காமல் ஏற்றி அனுப்புவதைத்தான் குறை சொல்கிறேன்.

புதுக் கட்டடம் கேட்காதீர்கள். கட்டடம் தருவார்கள், கல்வெட்டும் வைப்பார்கள். போன மாசம் எத்தனை ராத்திரி மயக்க டாக்டர் இருந்தார், ஃபிரிட்ஜில் எத்தனை பை ரத்தம் இருந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். இன்னொன்று, ஜீப்பில் போனவர்களின் கணக்கு எங்கள் ரிஜிஸ்டரில் இல்லை. அதை நாமே எழுத வேண்டும். தேதி, நேரம், எங்கே அனுப்பினார்கள், சீட்டில் என்ன காரணம், அவ்வளவுதான். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். பழைய சீட்டு வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். ஜெராக்ஸ் போதும், ஒரிஜினலை என்னிடம்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.