கோஸ்டா ரிகா: திரும்பி வந்த காட்டுக்குள் ஒரு பயணம்

[காட்சி: மேலிருந்து எடுத்த படம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை காடு, நடுவே ஒரு மண் சாலை.]

இந்தப் படத்தைப் பார்த்தால் ஆதிகாலத்திலிருந்து அப்படியே இருக்கும் காடு என்றுதான் தோன்றும். ஆனால் கோஸ்டா ரிகாவில் இப்படித் தோன்றும் காடுகளில் பல, நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் மாடு மேய்ந்த புல்வெளிகள். மரங்களை வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள், ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டார்கள். காடு திரும்பி வந்துவிட்டது.

பார்க்க வேண்டிய இடங்கள், போக வேண்டிய மாதம் எல்லாம் இந்த வீடியோவில் உண்டு. ஆனால் அந்த நாட்டில் காட்டைக் காப்பாற்றும் காசு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால், எங்கே போவது, யாரோடு போவது, எதைத் தவிர்ப்பது என்பதில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

[காட்சி: மத்திய அமெரிக்க வரைபடம்.]

வடக்கே நிகரகுவா, தெற்கே பனாமா, ஒரு பக்கம் பசிபிக், இன்னொரு பக்கம் கரீபியன் கடல். சுமார் 51,000 சதுர கிலோமீட்டர், 50 லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள். 1948-இல் ராணுவத்தையே கலைத்துவிட்ட நாடு. இது வெறும் பொது அறிவுக் கேள்விக்கான தகவல் இல்லை. பின்னால் ஒரு காட்டின் கதையில் இது வரப்போகிறது.

1940-களில் நாட்டின் முக்கால் பங்கு காடு. 1980-களின் கடைசியில் அது கால் பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. மரம் வெட்டுகிறவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, சட்டமே வெட்டச் சொன்னது. காட்டை வெட்டிச் சமப்படுத்தினால் நிலத்தை 'மேம்படுத்தியதாக' கணக்கு. அதைக் காட்டி உரிமை கோரலாம். அமெரிக்காவில் மாட்டிறைச்சிக்கு நல்ல கிராக்கி, மாடு வாங்க வங்கிக் கடன். விவசாயி வேறு என்ன செய்வார்?

எதிர்ப்பு ஓரத்திலிருந்து வந்தது. ஸ்வீடனிலிருந்து வந்த ஒலோஃப் வெஸ்பெர்க், டென்மார்க்கைச் சேர்ந்த அவர் மனைவி காரென் மோகென்சென் இருவரும் நிகோயா தீபகற்பத்தின் முனையில் பழத்தோட்டம் வைத்திருந்தவர்கள். சுற்றிலும் காடு மறைவதைப் பார்த்து வெளிநாடுகளுக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டினார்கள். 1963-இல் கபோ பிளாங்கோ காப்புக்காடு உருவானது. ஓசா தீபகற்பத்திலும் அதையே செய்ய முயன்றபோது, 1975-இல் ஒலோஃப் அங்கே கொல்லப்பட்டார். அதே ஆண்டு அந்த இடம் கார்கோவாடோ தேசியப் பூங்கா ஆனது. இதே காலத்தில் மரியோ போசா, அல்வாரோ உகால்டே என்ற இரண்டு இளைஞர்கள் அரசுக்குள் இருந்துகொண்டு பூங்கா மேல் பூங்காவாக அறிவிக்க வைத்தார்கள். இன்று நாட்டின் நிலத்தில் கால் பங்கு பாதுகாக்கப்பட்ட பகுதி.

ஆனால் பூங்கா எல்லைக்கு வெளியே இருக்கும் காடு பெரும்பாலும் தனியாருடையது. 1980-களில் இறைச்சி விலை சரிந்ததும் பல மேய்ச்சல் நிலங்கள் கைவிடப்பட்டன, அங்கே மரங்கள் தாமாக முளைத்தன. அவற்றை மறுபடியும் வெட்டாமல் தடுக்க 1996-இல் ஒரு சட்டம் வந்தது. இருக்கும் காட்டை அழித்து நிலத்தை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்றது அது. கூடவே ஒரு ஏற்பாடும் செய்தது: காட்டை வைத்திருப்பவருக்கு அரசு பணம் தரும். எதற்காக? கார்பனைப் பிடித்து வைப்பதற்கு, தண்ணீரைக் காப்பதற்கு, உயிரினங்களுக்கு, நான்காவதாக இயற்கை அழகுக்கு. ஆமாம், அழகுக்கும் சட்டப்படி காசு. அந்தப் பணத்தின் பெரும்பகுதி எரிபொருள் வரியிலிருந்து வருகிறது. நீங்கள் அங்கே வாடகைக் காருக்கு பெட்ரோல் போட்டால், யாரோ ஒருவர் மரத்தை வெட்டாமல் இருக்கக் கொஞ்சம் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இன்று நாட்டில் பாதிக்கு மேல் காடு. ஒன்றை மறந்துவிடக் கூடாது: திரும்பி வந்த காடும் பழைய காடும் ஒன்றல்ல. நடந்து போகும்போது விரித்த கை மாதிரி இலையுள்ள, மெலிந்து உயர்ந்த குவாருமோ மரங்கள் கூட்டமாக நின்றால், அது அண்மையில் வெட்டவெளியாக இருந்த இடம். ஸ்லாத் என்ற, மரத்தில் தொங்கி மெதுவாக நகரும் விலங்கைப் பார்க்க வசதியான இடமும் அதுதான். கிளைகள் குறைவு, மறைவதற்கு இடமில்லை.

[காட்சி: மழை. சாலையோரத்தில் ஒதுங்கி நிற்கும் பேருந்து.]

சரி, எப்போது போவது? பசிபிக் பக்கமும் நடுப்பகுதியும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்டிருக்கும், மே முதல் நவம்பர் வரை மழை. விடுதிக்காரர்கள் மழைக்காலத்தைப் 'பசுமைக் காலம்' என்று விற்பார்கள். விற்கட்டும், தப்பில்லை: பெரும்பாலும் காலையில் வெயில், மதியத்துக்கு மேல் மழை, விலையும் கூட்டமும் குறைவு. கரீபியன் பக்கம் இந்தக் கணக்கு தலைகீழ். மற்ற பகுதிகள் நனையும் செப்டம்பர், அக்டோபரில் அங்கே கடல் அமைதியாக இருக்கும்.

அடுத்து தூரம். வரைபடத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத் தெரியும். தலைநகர் சான் ஹோசேயிலிருந்து மலையில் இருக்கும் மோன்டேவெர்டே சுமார் 150 கிலோமீட்டர்தான். மலைப்பாதை, லாரிகள், ஒற்றை வழிப் பாலங்கள் எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு மணி நேரம் ஆகிவிடும். பத்து நாள் விடுப்பு என்றால் மூன்று இடம் போதும். ஏழு இடம் போட்டுத் தரும் பயணத் திட்டத்தைப் பார்த்தால், அதை எழுதியவர் அந்தச் சாலைகளில் ஓட்டியதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலானவர்கள் தொடங்கும் இடம் லா ஃபோர்டுனா. பக்கத்தில் அரெனால் எரிமலை. 1968 ஜூலையில் வெடித்து ஊர்களையே அழித்தது, 2010 வரை குழம்பைக் கக்கிக்கொண்டிருந்தது. இப்போது தூங்குகிறது. இரவில் சிவப்புக் குழம்பு வழியும் பழைய படத்தை விளம்பரத்தில் காட்டினால் நம்ப வேண்டாம். வெந்நீர் ஊற்றுகள் உண்மை.

[காட்சி: ரியோ செலெஸ்டே. நீல ஆறு, மிக அருகில்.]

எனக்குப் பிடித்தது அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் டெனோரியோ எரிமலைப் பூங்கா. அங்கே ஓடும் ரியோ செலெஸ்டே ஆற்றின் நிறத்தைப் பார்த்தால் யாரோ சாயம் கலந்தார்கள் என்றுதான் நினைப்பீர்கள். கடவுள் வானத்துக்கு வண்ணம் பூசிவிட்டு தூரிகையை இதில் கழுவினார் என்பது உள்ளூர்க் கதை. நீர்வீழ்ச்சியோடு திரும்பிவிடாதீர்கள். பாதையின் கடைசிவரை நடந்தால் எல் டென்யிடேரோ என்ற இடம் வரும். இரண்டு ஓடைகள் அங்கே சேருகின்றன: புவெனாவிஸ்டா, கெப்ராடா அக்ரியா. இரண்டிலும் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு. சேரும் கோட்டைத் தாண்டியதும் நீலம். கோடு போட்ட மாதிரி, இந்தப் பக்கம் நிறமில்லை, அந்தப் பக்கம் நீலம். அடியில் கற்கள் மேல் வெள்ளைப் படிவு.

நடப்பது இதுதான். ஒரு ஓடையில் அலுமினியமும் சிலிகாவும் சேர்ந்த நுண்துகள்கள் மிதக்கின்றன. இன்னொரு ஓடை எரிமலைப் பகுதியிலிருந்து வருவதால் அமிலத்தன்மை கொண்டது. இரண்டும் கலந்து அமிலத்தன்மை மாறியதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகின்றன. அந்த அளவுத் துகள்கள் சூரிய ஒளியின் நீலப் பகுதியைச் சிதறடிக்கின்றன. அதாவது தண்ணீரில் நிறமே இல்லை, ஒரு குவளையில் அள்ளினால் நீலம் காணாமல் போகும். ஆனால் அள்ளப் போகாதீர்கள். பூங்காவுக்குள் ஆற்றில் இறங்கத் தடை. பலத்த மழை பெய்தால் ஆறு சேற்று நிறமாகிவிடும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

[காட்சி: பனி மூடிய மரங்கள், கிளையெல்லாம் பாசி.]

லா ஃபோர்டுனாவிலிருந்து அரெனால் ஏரியைப் படகில் கடந்து, மறுகரையில் வேன் ஏறினால் மோன்டேவெர்டே. ராணுவம் இல்லாத நாடு என்று சொன்னேனே, அந்தக் கதை இங்கேதான். அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் போரை ஏற்காதவர்கள். கட்டாய ராணுவப் பதிவுக்கு மறுத்துச் சிலர் சிறைக்குப் போனார்கள். ராணுவத்தைக் கலைத்த நாடு இருக்கிறது என்று கேள்விப்பட்டு 1950-களின் தொடக்கத்தில் சில குடும்பங்கள் இந்த மலைக்கு வந்தன. பால் பண்ணை வைத்தார்கள், பாலாடைக்கட்டி செய்தார்கள். தங்கள் ஓடைகள் வற்றாமல் இருக்க மேலே ஒரு துண்டுக் காட்டைத் தொடாமல் விட்டார்கள். 1972-இல் தொடங்கிய மேகக்காட்டுக் காப்பகத்துக்கு அதுதான் விதை.

கரீபியனிலிருந்து வரும் ஈரக்காற்று மலைமேல் ஏறிக் குளிர்ந்து மேகமாகி மரங்களுக்குள்ளேயே நுழைகிறது. மழை பெய்யாத நாளிலும் இலை நுனியில் தண்ணீர் சொட்டும். பொன்னிறத் தேரை இந்த மலைமுகட்டில் மட்டுமே வாழ்ந்தது. 1987-இல் ஆயிரத்துக்கு மேல் பார்த்தார்கள். 1989-இல் ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. வறட்சி, தோலைத் தாக்கும் பூஞ்சை என்று காரணங்களை இன்னும் விவாதிக்கிறார்கள். இத்தனைக்கும் அது பாதுகாக்கப்பட்ட காடு.

[காட்சி: இருட்டு. அலைச் சத்தம் மட்டும்.]

இந்த இடத்துக்குக் காட்சி கிடையாது, ஏனென்றால் படம் எடுக்கவே தடை. கரீபியன் கரையில் டோர்டுகேரோ. சாலை கிடையாது, படகில் போகலாம், இல்லாவிட்டால் சின்ன விமானம். ஜூலை முதல் அக்டோபர் வரை பச்சை ஆமைகள் முட்டையிட வரும். ஒரு காலத்தில் இவை சூப்புக்காகக் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானவை. அமெரிக்க உயிரியலாளர் ஆர்ச்சி கார் 1950-களில் இங்கே ஆய்வைத் தொடங்கினார். ஆமை பிடித்துப் பிழைத்த ஊரில் இன்று பல குடும்பங்கள் வழிகாட்டி வேலையில் வாழ்கின்றன.

இரவில் வழிகாட்டியோடு மட்டும்தான் கரைக்குப் போக முடியும். கருப்பு உடை, செல்போனுக்கு அனுமதியில்லை, சிவப்பு விளக்கு ஒன்று அவர் கையில். ஆமை கரையேறும்போது கிட்டே போகக் கூடாது, பயந்து திரும்பிவிடும். குழி தோண்டி முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் அழைப்பார். குழி தோண்டும்போது பின்துடுப்பு ஒவ்வொரு தடவையும் ஒரு கை மண்ணை அள்ளி ஓரமாக வைக்கும். பிறகு வழவழப்பான வெள்ளை முட்டைகள், இரண்டும் மூன்றுமாக, நூறு வரைக்கும் விழும். கண்ணில் நீர் வழியும். அழுகை இல்லை, உடம்பின் உப்பை வெளியேற்றுகிறது. அப்புறம் மண்ணை மூடி, முன்துடுப்பால் நாலா பக்கமும் மணலை வாரியடிக்கும். பின்னால் நிற்பவர் முகத்தில் மணல் விழும், தயாராக இருங்கள்.

கடற்கரை என்றால் எல்லோரும் சொல்வது பசிபிக் கரையில் இருக்கும் மனுவேல் அன்டோனியோ தேசியப் பூங்கா. அழகுதான், ஆனால் கூட்டம். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை விடுமுறை. உணவு கொண்டுபோகத் தடை. தடை இல்லாத காலத்தில் குரங்குகள் பையைத் திறக்கவே கற்றுக்கொண்டன. வழியில் சீருடை மாதிரிச் சட்டை போட்டு, 'இதற்கு மேல் கார் போகாது' என்று கை காட்டுபவர்கள் தனியார் பார்க்கிங் ஆட்கள்.

கார்கோவாடோ வேறு ரகம். நாட்டின் நான்கு குரங்கு இனங்களும், டேபிர் என்ற பெரிய விலங்கும் ஒரே இடத்தில். 2014-லிருந்து வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடுவதில்லை. சிரமமான பயணம், ஆனால் பழைய காடு எப்படி இருக்கும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் நாட்டில் இல்லை.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். ஸ்லாத் முப்பதடி உயரத்தில் பாசி படிந்த உரோமத்தோடு தொங்கும். நமக்கு அது ஒரு காய்ந்த இலைக் கொத்து. அவர் முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தி, இரண்டு நொடியில் நகத்தைக் காட்டுவார். ஸ்லாத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள். காட்டு விலங்கோடு செல்ஃபி வேண்டாம் என்று அரசே பிரசாரம் செய்கிறது.

சாப்பாட்டுக்கு 'சோடா' என்ற பலகையைத் தேடுங்கள். அது பானக் கடை இல்லை, சின்ன உணவகம். சோறு, பீன்ஸ், வாழைப்பழ வறுவல், சாலட் எல்லாம் ஒரே தட்டில் வரும், பெயர் கசாடோ. ரசீதில் 13 சதவீத வரியும் 10 சதவீத சேவைக் கட்டணமும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். வழி கேட்டால் தெருப் பெயர் சொல்ல மாட்டார்கள், 'தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் வடக்கே' என்பார்கள். 100 மீட்டர் என்றால் ஒரு தெரு அளவு. சான் ஹோசே பக்கத்தில் எப்போதோ இல்லாமல் போன ஓர் அத்திமரத்தை வைத்து இன்றும் வழி சொல்கிறார்கள்.

[காட்சி: சாலையின் இருபுறமும் அன்னாசி வயல்.]

குறை சொல்லவும் நிறைய இருக்கிறது. வடக்குச் சமவெளியில் ஓட்டினால் கிலோமீட்டர் கணக்கில் அன்னாசி. உலகத்துக்கே அதிக அளவில் அன்னாசிப் பழம் அனுப்பும் நாடு இது. பூச்சிமருந்து குடிநீரில் கலப்பதாகப் பல கிராமங்கள் போராடியிருக்கின்றன. பசிபிக் கரையில் வெளிநாட்டவர் வாங்கிக் குவித்ததில் நிலத்தின் விலை உள்ளூர்க்காரருக்கு எட்டாமல் போய்விட்டது. புதிதாக இழுத்த மின்கம்பிகளில் குரங்குகள் அடிபட்டுச் சாகின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு: 2050-க்குள் கார்பன் வெளியீட்டை ஈடுகட்டி முடிக்க வேண்டும் என்பது அரசின் திட்டம். எல்லோரும் மின்சாரக் காருக்கு மாறினால் எரிபொருள் வரி குறையும். காட்டுக்குப் போகும் பணமும் அதோடு குறையும்.

போக முடிவு செய்துவிட்டால், முன்பதிவை இந்த வரிசையில் செய்யுங்கள். கார்கோவாடோ போவதாக இருந்தால் முதலில் அதன் அனுமதியும் வழிகாட்டியும், ஏனென்றால் இடம் குறைவு. அடுத்து, ஆமைப் பருவமாக இருந்தால் டோர்டுகேரோ. பிறகு மனுவேல் அன்டோனியோ, செவ்வாய் தவிர்த்து. விடுதியும் காரும் கடைசியில். கார் எடுக்கும்போது கட்டாயக் காப்பீடு விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இணையத்தில் பார்த்த வாடகை கவுன்டரில் இரண்டு மடங்காவது பெரும்பாலும் அதனால்தான்.