மழைத் தண்ணீர்தான் எதிரி

நேயர்களுக்கு வணக்கம். பழைய மரப்படகுகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். என்னை அறிந்தவர்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கல்யாணப் பந்தியில்கூட நான் இதைத்தான் பேசுவேன். பக்கத்து இலைக்காரர் ரசம் வருவதற்குள் இடம் மாறிவிடுவார். இங்கே அந்தச் சங்கடம் இல்லை. நீங்கள் ரேடியோவை மூடினாலும் எனக்குத் தெரியாது.

நம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில், பேஹெட் பக்கம், படகு எஞ்சின் பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். மீன்பிடிப் படகு, இழுவைப் படகு, பணக்காரர்களின் உல்லாசப் படகு எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறேன். ஆனால் மனசு ஒட்டியது ஒரே வகையில்தான். கடற்படையில் வேலை செய்து, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் விற்கப்பட்டு, அப்புறம் யார் யார் கையிலோ மாறிய மர லாஞ்ச். ஹார்பர் டிஃபென்ஸ் மோட்டார் லாஞ்ச் என்பார்கள். சுருக்கமாக எச்.டி.எம்.எல். துறைமுகக் காவல் படகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீளம் 72 அடி. இந்த அளவுக்கு ஒரு காரணம் உண்டு. சரக்குக் கப்பலின் தளத்தில் தூக்கி வைத்து எந்த நாட்டுக்கும் அனுப்ப வேண்டும். அதற்குமேல் நீண்டால் சிரமம். பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தில் ஹோல்ட் என்பவர் 1939இல் வரைந்த வடிவம் இது. போர் முடிவதற்குள் பல நாடுகளில் ஏறத்தாழ 480 கட்டினார்கள். வேகம் 12 நாட்டிக்கல் மைலுக்குள்தான், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர். சைக்கிள்காரன் முந்திவிடுவான். ஆனால் வேகத்துக்காகக் கட்டிய படகு இல்லை அது. துறைமுக வாயிலில் ராத்திரி முழுக்கச் சுற்றிச் சுற்றி வரவேண்டும், நீர்மூழ்கி வந்தால் சட்டென்று திரும்பி அதன் தலைக்கு மேல் வெடிகுண்டைப் போடவேண்டும். அதுதான் வேலை.

இங்கே நீர்மூழ்கியா என்று இளையவர்கள் கேட்கலாம். 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கிகள் மடகாஸ்கரின் டியேகோ சுவாரெஸ் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து அடித்தன. அடுத்த வாரங்களில் மொசாம்பிக் கால்வாயில் சரக்குக் கப்பல்கள் வரிசையாக மூழ்கின. நம் டர்பனிலோ படை ஏற்றிய கப்பல்கள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். கரையில் வெள்ளை உடையில் நின்று பாடி வழியனுப்பிய பெர்லா கிப்சன் அம்மையாரைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். அந்தக் காலம்.

துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவு என்று ஒன்று இருக்கிறதே, அங்கே நம் மீன்பிடிக் குடும்பங்கள் இருந்தன. கடற்படைக்கு இடம் வேண்டும் என்று அவர்கள் போனார்கள். சொந்த விருப்பத்தில் போனார்கள் என்று யாரும் நினைக்கவேண்டாம். 1961இல் அதே தீவில், பழைய கடற்படைக் கொட்டகைகளிலேயே, இந்தியர்களுக்கென்று பல்கலைக்கழகக் கல்லூரி வைத்தார்கள். படகேறிப் போய்ப் படித்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். சரி, இது வேறு கதை.

ஏன் மரம்? இரும்பு பெரிய கப்பல்களுக்கே போதவில்லை. இன்னொன்று, கடலடியில் கிடக்கும் காந்தக் கண்ணிவெடி இரும்பைக் கண்டால் வெடிக்கும். மரத்தை அது கண்டுகொள்ளாது. அதோடு, உல்லாசப் படகு கட்டும் பட்டறைகள் போரினால் வேலையில்லாமல் இருந்தன. அவர்களுக்கு மரம்தானே தெரியும்.

கட்டுமானம் எப்படி என்றால், பலகை இரண்டு தோல். உள்தோல் ஒரு பக்கம் சாய்ந்து ஓடும், வெளித்தோல் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓடும். நடுவில் எண்ணெயில் ஊறிய காடாத்துணி. இரண்டையும் சேர்த்து ஆயிரக்கணக்கில் செம்பு ஆணி. சாதாரண மரப்படகில் பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துக் கலப்பத்து அடிப்பார்களே, இதன் வயிற்றுக்கு அது தேவையில்லை, துணியே தண்ணீரைத் தடுத்துவிடும். மெலிசான பலகையில் வலுவான உடம்பு.

ஆனால் ஒழுக ஆரம்பித்தால் போச்சு. தண்ணீர் வெளித்தோலில் ஓர் இடத்தில் நுழையும், துணிக்கும் பலகைக்கும் நடுவே பொடிநடையாக நடந்து, உள்ளே எங்கோ தள்ளிப் போய்ச் சொட்டும். சொட்டும் இடத்தை அடைத்துப் பயனில்லை. உள்பலகை ஒன்று கெட்டால், அதை மாற்ற அதன்மேல் குறுக்கே போகும் வெளிப்பலகைகள் அத்தனையையும் கழற்றவேண்டும். நல்ல தச்சர்களே இந்தப் படகென்றால் விலை சொல்ல யோசிப்பார்கள்.

அப்படி யோசிக்காத ஒருவரை எனக்குத் தெரியும். கிளேர்வுட் பக்கத்துக்காரர். சார்டின் மீனுக்குக் கரைவலை போடும் படகுகள் கட்டிய குடும்பம். பட்டறையில் எல்லாரும் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் இந்த வகை லாஞ்ச் ஒன்று எங்கள் ஸ்லிப்பில், அதாவது படகைக் கரையேற்றும் சரிவில், ஏறியது. உரிமையாளர் ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனுஷர், படகைப் பெற்ற பிள்ளைபோல் பார்ப்பவர். உள்ளே தண்ணீர் கசிகிறது, எங்கே என்று தெரியவில்லை என்றார். நான் எஞ்சின் பார்க்க இறங்கினேன். தாத்தா சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தார்.

பார்ப்பவருக்கு விளையாட்டாக இருக்கும். கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல மரம் 'டங்' என்று திருப்பிச் சொல்லும், சுத்தியலும் கையில் துள்ளும். கெட்ட மரத்தில் சத்தம் 'தொப்' என்று உள்ளேயே படுத்துவிடும். அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. ஏராவிலிருந்து, அதாவது படகின் அடிமுதுகுக் கட்டையிலிருந்து, ஆரம்பித்தார். தண்ணீருக்குள்ளேயே கிடந்த அடிப்பாகம் முழுக்க டங், டங், டங். ஒரு கோடுகூட இல்லை. மேலே வர வர, கேபின் சுவர் தளத்தோடு சேரும் மூலையில் தொப். பின்பக்கப் பலகையின் மேல் விளிம்பில் தொப். ஒரு திருப்புளியை வைத்து அழுத்தினார். பழைய கேக்கில் போவதுபோல் பிடி வரைக்கும் போய்விட்டது.

உரிமையாளருக்கு அதிர்ச்சி. கடலில் கிடந்த பாகம் நன்றாக இருக்கிறது, வெயில் படும் மேல்பாகம் எப்படிக் கெட்டது? தாத்தா என்னிடம், "தம்பி, இவர் தளத்தை எதுல கழுவுறாருன்னு கேளு" என்றார். கேட்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் குழாய்த் தண்ணீர் விட்டு, ஹோஸ் பைப்பில், உப்பு ஒரு துளி இல்லாமல் கழுவுகிறேன் என்று அந்த மனுஷர் பெருமையாகச் சொன்னார். தாத்தா சுத்தியலைக் கீழே வைத்தார். "படகைக் கொல்றதுக்கு வாராவாரம் பூசை போடுறாரு. கடல் தண்ணிய வாளியில மொண்டு ஊத்தச் சொல்லு."

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது அவர் நம்பவில்லை. தாத்தா சும்மா இருப்பாரா? மறுநாள் காலையில் கடைக்கு ஆள் அனுப்பி மூட்டை மூட்டையாகக் கல்லுப்பு வாங்கிவரச் சொன்னார். வேலை முடிந்த பிறகு, விலாக்கட்டைகளின் இடுக்கில், பில்ஜின், அதாவது படகின் உள் அடிவயிற்றின், மூலைகளில் எல்லாம் கை நிறைய அள்ளி வைத்தார். உரிமையாளர் பக்கத்தில் நின்று, இத்தனை நாள் எதைப் பயந்து கழுவினாரோ அதையே காசு கொடுத்து உள்ளே வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

காரணம் எளிது. மரத்தைத் தின்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். எப்போதும் கடலில் முழுகிய மரத்தில் காற்று இல்லை, உப்பு வேறு இருக்கிறது, பூஞ்சைக்கு அங்கே வாழ்க்கை கிடையாது. நன்றாகக் காய்ந்த மரத்தில் ஈரம் இல்லை, அங்கேயும் கிடையாது. இரண்டுக்கும் நடுவே, மழைத் தண்ணீர் ஒரு மூலையில் தேங்கி, வெளியேற வழியில்லாமல், மெல்ல ஊறிக் காய்ந்து ஊறிக் காய்ந்து கிடக்கிறதே, அங்கேதான் அதற்குக் கொண்டாட்டம். பழைய மரக்கப்பல்காரர்கள் விலா இடுக்கில் உப்பைக் கொட்டி வைத்தது இதற்குத்தான். திரும்பச் சொல்கிறேன், காரில் போகிறவர்களுக்குக் காதில் விழாமல் போயிருக்கலாம். மரப்படகுக்குக் கடல் தண்ணீர் எதிரி இல்லை. மழைத் தண்ணீர்தான் எதிரி.

இதனால்தான் பழைய படகைக் கரையில் ஏற்றி, சிமெண்டு மேடையில் வைத்து, சுற்றிப் பூச்செடி நட்டு, பலகை எழுதி மாட்டுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் கரையேறிய மர லாஞ்ச், வெயிலில் போட்ட மரத்தொட்டி மாதிரி. பலகை சுருங்கும், ஆணிகள் தளரும். தண்ணீர் சீராகத் தாங்கிய உடம்பை இப்போது நாலைந்து முட்டுக்கட்டைகள் தாங்கும். முதுகு வளைந்துவிடும். மேலே பெய்த மழை உள்ளே இறங்கும், வெளியேற்ற பம்ப் ஓட்டுபவர் இல்லை. சாதாரணப் பலகைப் படகென்றால் திரும்பக் கடலில் இறக்கினால் கொஞ்ச நாளில் ஊறி இடுக்கு மூடிக்கொள்ளும். இரட்டைத் தோல் படகில் நடுவிலிருக்கும் துணி ஒருமுறை கிழிந்தால் கிழிந்ததுதான்.

கடலிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. நம் கடல் வெதுவெதுப்பானது, கப்பல் புழுவுக்கு ரொம்பப் பிடிக்கும். அது குண்டூசித் தலையளவு துளையில் நுழைந்து உள்ளே விரல் தடிமனுக்குக் கூடு குடையும். செம்பு கலந்த வண்ணத்தை நேரத்துக்கு அடித்தால் அண்டாது. இரும்பு, செம்பு, வெண்கலம் எல்லாம் உப்புத் தண்ணீரில் சேர்ந்திருந்தால் ஒன்றை ஒன்று அரிக்கும். அவற்றுக்குப் பதில் அரிபடட்டும் என்று துத்தநாகக் கட்டி மாட்டுவோம். கூடுதலாக மாட்டினால் நல்லதுதானே என்று சிலர் ஏகத்துக்கு மாட்டுகிறார்கள். அது தப்பு. அளவு மீறினால் ஆணியைச் சுற்றி காரம் சேர்ந்து மரம் பஞ்சாகிவிடும்.

இனி எஞ்சின். தயாரிப்பாளர் தம்பி கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார். பரவாயில்லை, கார்ட்னர் பற்றிப் பேசாமல் நான் எழுந்து போகமாட்டேன்.

மான்செஸ்டர் பக்கம் பேட்ரிகிராஃப்ட்டில் செய்த டீசல் எஞ்சின். பேருந்துகளிலும் லாரிகளிலும் ஓடியதுதான், வயதானவர்களுக்குப் பெயர் தெரியும். இந்த லாஞ்சுகளில் பெரும்பாலும் எட்டு சிலிண்டர் கார்ட்னர் இரண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 குதிரைசக்தி. இன்றைக்கு ஒரு காரிலேயே அது இருக்கிறது என்பீர்கள். கார் எஞ்சின் அதற்கு நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் சுற்றுச் சுற்றவேண்டும். கார்ட்னர் 900 சுற்றிலேயே கொடுக்கும். அவசரமில்லாத எஞ்சின் சீக்கிரம் தேயாது. எரிபொருள் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு குட்டி நெம்பு இருக்கும். எஞ்சின் ஓடாதபோதே அதை விரலால் அழுத்தினால், அந்தச் சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் 'கிர்' என்று முனகும். முனகினால் நன்றாக இருக்கிறது, பேசாமலிருந்தால் அதைக் கழற்று. கம்ப்யூட்டர் வேண்டாம், காது போதும். எட்டையும் வரிசையாக அழுத்திக் கேட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை.

அந்த எஞ்சினும் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். படகைப் போலத்தான். மேடையில் வைத்தால் இரண்டும் சாகும்.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் மெடூசா என்று ஒரு எச்.டி.எம்.எல். இருக்கிறது. 1943இல் பூல் என்ற ஊரில் கட்டியது. 1944 ஜூனில் நார்மண்டிப் படையிறக்கத்தின்போது, ஒமாஹா கடற்கரைக்குப் போகும் பாதையின் முனையில், கண்ணிவெடி வயலின் ஓரத்தில் நின்று கப்பல்களுக்கு வழிகாட்டியது. 2006 தொடங்கி 2010 வரை அதைப் பிரித்துச் செப்பனிட்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. இன்றும் தொண்டர்கள் அதைக் கார்ட்னர் எஞ்சினிலேயே கடலுக்கு ஓட்டிப்போகிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே அது பிழைத்திருக்கிறது.

இரண்டு நிமிடம் என்கிறார் தம்பி. நான் முக்கியமாக வைத்திருந்தது பர்மாக் கதை. சுருக்கிவிடுகிறேன். நம் நாட்டிலேயே டர்பன், கேப் டவுன், நைஸ்னா பட்டறைகளில் போர்க்கால லாஞ்சுகள் கட்டினார்கள். எச்.டி.எம்.எல். மட்டுமில்லை, ஃபேர்மைல் என்று 112 அடியில் அண்ணன் படகு ஒன்றும் உண்டு. அது வயிற்றில் ஆயிரக்கணக்கான லிட்டர் பெட்ரோலைச் சுமந்து ஓடும். தென்னாப்பிரிக்கர்கள் ஓட்டிய 49ஆவது லாஞ்ச் அணி பர்மாவின் அரக்கான் கரைக்குப் போனது. சதுப்புக் காட்டுக்குள் குறுகிக்கொண்டே போகும் உப்பங்கழிகளில், இரண்டு பக்கமும் எதிரி, நடுவே மரப்படகு, அடியில் பெட்ரோல். 1945 ஜனவரியில் அங்குள்ள அக்யாப் துறைமுகத்தைப் பிடித்த காலம் அது. அந்த அணியின் படகுகளில் எத்தனை பிறகு உல்லாசப் படகாகவும் மீன்பிடிப் படகாகவும் மாறின, எப்படி வெட்டி விறகாக்கினார்கள் என்று பெரிய குறிப்பே எழுதி வந்தேன். அதற்கு நேரமில்லை.

ஒன்று மட்டும். உங்கள் அப்பாவோ மாமாவோ பேஹெட்டிலோ மேடன் வார்ஃபிலோ இந்தப் படகுகளில் தச்சு வேலை, எஞ்சின் வேலை செய்தவராக இருந்தால், வீட்டில் புகைப்படம் எதாவது கிடந்தால், நிலையத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், என்னிடம் கொடுத்துவிடுவார்கள். சரி, விளக்கு அணைகிறது. வணக்கம்.