பன்னிரண்டு ஆட்டம் பாக்கி

எல்லாருக்கும் வணக்கம்.

நான் இருப்பது பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில். எங்கள் எதிர்வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு முன்னறைச் சுவரில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டியிருக்கும். அதில் இருப்பது பேரப்பிள்ளைகள் படமோ கல்யாணப் படமோ இல்லை, ஒரு பழைய பேஸ்பால் டிக்கெட். 1964ஆம் வருஷத்து உலகத் தொடருக்கானது, அதாவது பேஸ்பாலின் இறுதிப் போட்டிக்கு. முதல் தடவை பார்த்தபோது, "அந்த ஆட்டத்துக்குப் போயிருந்தீர்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சட்டத்தைக் கழற்றி என் கையில் கொடுத்து, "ஓரத்தைப் பாருங்கள்" என்றார். வாசலில் கிழித்து வாங்கிக்கொள்ள வேண்டிய ஓரம் கிழிபடாமல் முழுசாக இருந்தது. அந்த ஆட்டம் நடக்கவே இல்லை. அவருடைய அப்பா வாங்கி வைத்த டிக்கெட் அது. அப்போது இவருக்குப் பதினோரு வயது.

முன்னணியில் இருந்த அணிகள் சீசன் முடிகிற நேரத்தில் சரிந்து விழுந்த கதைகள் பேஸ்பாலில் நிறைய உண்டு. என் மனதில் ஒட்டிக்கொண்டது இந்த 1964தான். அதனால் அதைக் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஐபிஎல்லில் லீக் சுற்றில் ஓர் அணிக்குப் பதினான்கு ஆட்டம். பேஸ்பாலில் 162. ஏப்ரலில் ஆரம்பித்தால் அக்டோபர் வாசல் வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம்தான். 1964இல் அமெரிக்காவில் இரண்டு லீக், லீக்குக்குப் பத்து அணி. முதலில் வருகிற அணி மட்டும் உலகத் தொடருக்குப் போகும். இரண்டாவதாக வந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பிளே-ஆஃப் என்ற இரண்டாவது வாய்ப்பு அப்போது கிடையாது.

பிலடெல்பியாவின் அணி ஃபில்லீஸ். பரிதாபமான வரலாறு அவர்களுடையது. அதுவரை லீக்கில் முதலிடம் பிடித்தது இரண்டே தடவை, 1915இலும் 1950இலும். உலகத் தொடரை ஒரு தடவைகூட வென்றதில்லை. அப்படிப்பட்ட அணி 1964இல் கோடை முழுக்க ஜெயித்துக்கொண்டே வந்தது. ஜூன் மாதம் ஜிம் பன்னிங் என்ற பிட்சர் (பந்து வீசுபவர்) ஒரு முழு ஆட்டத்தில் எதிரணியின் ஒரே ஓர் ஆளைக்கூட பேஸில் கால் வைக்க விடாமல் வீசி முடித்தார். பெர்ஃபெக்ட் கேம் என்பார்கள், அபூர்வத்திலும் அபூர்வம். புதுப்பையன் டிக் ஆலன் வெளுத்துக் கட்டினார். செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கணக்கு இப்படி இருந்தது: ஃபில்லீஸுக்கு ஆறரை ஆட்டம் முன்னிலை (இரண்டு அணியும் ஆடிய ஆட்டம் சமமாக இல்லாவிட்டால் கணக்கில் அரை வரும்), பன்னிரண்டு ஆட்டம் பாக்கி. அந்தப் பன்னிரண்டில் முதல் ஏழு சொந்த மைதானத்தில். ஊரில் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

மறுநாள் திங்கள்கிழமை, சின்சினாட்டி ரெட்ஸுடன் ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸ் வரை இரண்டு பக்கமும் ரன் இல்லை. ஃபில்லீஸுக்கு வீசியவர் ஆர்ட் மஹாஃபி. ரெட்ஸில் இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆள் அவுட்டானால் இன்னிங்ஸ் முடியும். மூன்றாம் பேஸில், அதாவது ஹோம் என்ற கடைசி இடத்தைத் தொட்டால் ரன் என்கிற நிலையில், சிக்கோ ரூயிஸ், கியூபாவிலிருந்து வந்த புது ஆட்டக்காரர். பேட் பிடித்து நின்றவர் ஃபிராங்க் ராபின்சன், அந்தக் காலத்தின் மிகப் பெரிய அடியாட்டக்காரர்களில் ஒருவர். இந்த இடத்தில் மூன்றாம் பேஸில் நிற்கிற ஆள் அசையவே கூடாது. ராபின்சன் மாதிரி ஒருவர் அடிக்கத் தயாராக நிற்கும்போது ஹோமைத் திருட, அதாவது பந்தை அடிக்கும் முன்பே ரன்னுக்கு, ஓடுவது பைத்தியக்காரத்தனம். அவர் மட்டையைச் சுழற்றினால் ஓடி வருகிறவன் மண்டை போய்விடும். பிடிபட்டால் இன்னிங்ஸே முடிந்தது, அணியின் பெரிய கை அடிக்காமலே உட்கார வேண்டும்.

ரூயிஸ் ஓடினார்.

யாரும் சொல்லி ஓடவில்லை. மஹாஃபி கையைத் தூக்கி வீசப்போகிற அந்தக் கணத்தில் ஓரக்கண்ணில் ஓர் உருவம் பாய்ந்து வருவது தெரிகிறது. கை ஒரு நொடி தடுமாறுகிறது. பந்து கேட்சருக்கு எட்டாமல் விலகிப் பின்னால் போகிறது. ரூயிஸ் சறுக்கி ஹோமைத் தொட்டுவிட்டார். அந்த ஒரே ரன்தான். 1-0, ஃபில்லீஸ் தோல்வி. நேராக வீசியிருந்தால் அவர் அவுட். அவ்வளவுதான் தூரம்.

அதற்குப் பிறகு தொடர்ச்சியாகத் தோல்விதான். 9-2, 6-4 என்று ரெட்ஸிடம். மில்வாக்கி பிரேவ்ஸிடம் நாலு: 5-3, வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் பன்னிரண்டு இன்னிங்ஸ் இழுத்து 7-5, 6-4, கடைசியில் 14-8. அந்த 14-8 ஆட்டத்தில் ஃபில்லீஸின் ஜானி காலிசன் மூன்று ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். ஓர் ஆள் மூன்று ஹோம் ரன் அடித்தும் தோற்றார்கள் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த மைதானத்தின் ஏழு ஆட்டமும் போயிற்று. அங்கிருந்து செயின்ட் லூயிஸ் போய் கார்டினல்ஸிடம் இன்னும் மூன்று. மொத்தம் வரிசையாகப் பத்து. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்தது என்பார்களே, அதுதான்.

சரி, ஏன்? அங்கேதான் நான் வர நினைத்தேன்.

பேஸ்பாலில் பிட்சரின் கைதான் அணியின் உயிர். ஓர் ஆட்டத்தில் நூறு பந்துக்கு மேல் ஓங்கி எறிகிற கை அது. தோள், முழங்கை, மணிக்கட்டு என்று எல்லா இடத்திலும் முறுக்கம் ஏறும். எறிந்து முடித்தவுடன் ஐஸ் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். இப்போது அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் நாலு நாள் ஓய்வு கொடுக்கிறார்கள். 1964இல் வழக்கம் மூன்று நாள். ஃபில்லீஸ் மேனேஜர் (யாரை எப்போது இறக்குவது என்று முடிவு செய்பவர்) ஜீன் மாக், செப்டம்பர் கடைசியில் தன் இரண்டு நல்ல கைகளான ஜிம் பன்னிங்கையும் கிறிஸ் ஷார்ட்டையும் இரண்டே நாள் ஓய்வில் திரும்பத் திரும்ப இறக்கினார்.

தேதியைப் பாருங்கள். ஷார்ட் 22ஆம் தேதி வீசினார், 25ஆம் தேதி வீசினார், 28ஆம் தேதி வீசினார். பன்னிங் 24, 27, 30. இந்த ஆறு ஆட்டமும் தோல்வி. பிரேவ்ஸ் பதினான்கு ரன் எடுத்த அன்றைக்கு ஆரம்பத்தில் வீசியது ஜூனில் பெர்ஃபெக்ட் கேம் வீசிய அதே பன்னிங்தான்.

மாக்கை முட்டாள் என்று திட்டுவது சுலபம். அறுபது வருஷமாகத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர் கையில் என்ன இருந்தது? மற்ற பிட்சர்களில் ரே கல்ப்புக்கு முழங்கையில் வலி. டென்னிஸ் பென்னட்டுக்குத் தோளில் வலி, அவரையும் அந்தப் பத்தில் இரண்டு ஆட்டத்துக்கு இறக்கித்தான் பார்த்தார். ஆகஸ்ட்டில் வந்து ரன் குவித்துக்கொண்டிருந்த ஃபிராங்க் தாமஸ் செப்டம்பர் 8இல் கட்டைவிரலை உடைத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டில் நல்ல பாத்திரம் இரண்டே இரண்டு இருந்தால் அவசரத்துக்கு அதையேதான் திரும்பத் திரும்ப அடுப்பில் ஏற்றுவோம்.

இன்னொன்று. இதையே செய்து ஜெயித்தவர்கள் உண்டு. 1950இல் இதே ஃபில்லீஸுக்குச் செப்டம்பர் 20 வாக்கில் பெரிய முன்னிலை இருந்தது. அதுவும் கரைந்துகொண்டே போய்க் கடைசி நாளில் ஒரே ஓர் ஆட்டமாகிவிட்டது. ராபின் ராபர்ட்ஸ் என்ற பிட்சரை ஐந்து நாளில் மூன்றாவது தடவையாக இறக்கினார்கள். பத்தாவது இன்னிங்ஸில் டிக் சிஸ்லர் ஹோம் ரன் அடித்து அணியைக் காப்பாற்றினார். அன்றைக்கு அது வீரம். பதினான்கு வருஷம் கழித்து இன்னொருவர் செய்தபோது அது மடத்தனம். ஒரு தகவல், கேட்டால் வருத்தமாக இருக்கும்: ரூயிஸ் ஹோமுக்கு ஓடிய அன்று எதிர்ப்பக்கம் ரெட்ஸை நடத்திக்கொண்டிருந்தவர் அந்த டிக் சிஸ்லர்தான். மேனேஜர் ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோயில் கிடந்ததால் இவர் பொறுப்பில் இருந்தார்.

அமெரிக்காவில் இப்படிச் சரிகிற அணியைச் 'சோக்' பண்ணிவிட்டார்கள் என்பார்கள். கிரிக்கெட்டில் தென்னாப்பிரிக்காவைச் சொல்லிச் சொல்லிப் புண்ணாக்கிய அதே சொல். தொண்டை அடைத்துவிட்டது, பயந்துவிட்டார்கள், நெஞ்சில் தைரியம் இல்லை என்று பொருள். இந்தச் சொல் எனக்குப் பிடிக்காது. 150 ஆட்டம் ஒருவரும் நெருங்க முடியாதபடி ஆடியவர்களுக்கு 151ஆவது ஆட்டத்தில் திடீரென்று தைரியம் எங்கே போகும்? கை ஓய்ந்தது, காயம் சேர்ந்தது, நாலு பந்து எதிரணிக்குச் சாதகமாக விழுந்தது. நாம் அதைக் குணமாக மாற்றிப் பேசிக்கொள்கிறோம்.

1969இல் சிகாகோ கப்ஸ் அப்படித்தான் போனது. ஆகஸ்ட் நடுவில் நியூயார்க் மெட்ஸைவிட ஒன்பது பத்து ஆட்டம் முன்னால் இருந்தவர்கள், கடைசியில் எட்டு ஆட்டம் பின்னால் முடித்தார்கள். செப்டம்பரில் நியூயார்க் மைதானத்துக்குள் ஒரு கறுப்புப் பூனை புகுந்து கப்ஸ் ஆட்டக்காரர்கள் பக்கம் நடந்து போனது, பாவம், பழி அதன் தலையில் விழுந்தது. அந்த அணியின் மேனேஜர் லியோ டுரோச்சர் அதே ஆட்களைத்தான் நாள்தோறும் ஓய்வில்லாமல் ஆட வைத்தார். அவர்கள் சொந்த மைதானத்தில் அப்போது விளக்கு கிடையாது, உள்ளூர் ஆட்டமெல்லாம் பட்டப்பகலில், வெயிலில். பூனையைவிட இதைத்தான் நான் நம்புவேன். அந்த டுரோச்சர்தான் 1951இல் பதின்மூன்று ஆட்டம் பின்தங்கிக் கிடந்த நியூயார்க் ஜயன்ட்ஸை மேலே கொண்டுவந்து புரூக்ளின் டாட்ஜர்ஸைக் கவிழ்த்தவர்.

நம் காலத்துக்கு வந்தால் 2011 பாஸ்டன் ரெட் சாக்ஸ். வைல்டு கார்டு (முதலிடம் வராத அணிகளில் சிறந்ததற்குக் கிடைக்கும் பிளே-ஆஃப்) இடத்துக்கு ஒன்பது ஆட்டம் முன்னிலை. செப்டம்பரில் 27 ஆட்டத்தில் 7 வெற்றி, 20 தோல்வி. இங்கேயும் பிட்சர்கள்தான். கடைசி நாள், செப்டம்பர் 28. பால்டிமோரில் 3-2 என்று முன்னால் இருக்கும்போது மழை. அதே நேரம், அதே இடத்துக்குப் போட்டியிட்ட டாம்பா பே அணி தன் ஊரில் நியூயார்க் யாங்கீஸிடம் 7-0 என்று பின்தங்கிக் கிடந்தது. பாஸ்டன்காரர்கள் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஏழும் திரும்பி வந்துவிட்டது. ஒன்பதாவது இன்னிங்ஸில், இரண்டு அவுட், இரண்டு ஸ்டிரைக், இன்னும் ஒரு பந்தில் கதை முடியும் என்ற இடத்தில் டான் ஜான்சன் ஹோம் ரன் அடித்தார். அந்த வருஷம் அதுவரை அவருடைய பேட்டிங் சராசரி .108. பத்துத் தடவைக்கு ஒரு தடவை அடிக்கிற ஆள்.

மழை விட்டது. பாஸ்டனின் பிட்சர் பேப்பல்பான் கடைசி இன்னிங்ஸில் முதல் இரண்டு பேரையும் அவுட் ஆக்கினார். அந்த வருஷம் எட்டு இன்னிங்ஸ் முடிந்து முன்னால் இருந்த ஆட்டம் ஒன்றைக்கூட பாஸ்டன் தோற்றதில்லை. அடுத்தடுத்து மூன்று அடி. மூன்றாவதை ராபர்ட் ஆண்டினோ இடப்பக்கம் தூக்கினார், கார்ல் க்ராஃபோர்ட் சறுக்கி வந்தும் பந்து கையில் தங்கவில்லை. 4-3. சில நிமிஷத்தில் டாம்பாவில் எவான் லாங்கோரியா ஹோம் ரன் அடித்தார். முடிந்தது.

அப்புறம் விசாரணை கிளம்பியது. ஆட்டம் நடக்கும்போதே உள்ளே உட்கார்ந்து பீர் குடித்தார்கள், கோழி வறுவல் சாப்பிட்டார்கள் என்று செய்தி வந்தது. நாடே அதைப் பேசியது. அது ஒழுங்கீனம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அணி ஏப்ரலில் முதல் பன்னிரண்டு ஆட்டத்தில் பத்தைத் தோற்றிருந்தது. டாம்பாவுக்கும் பாஸ்டனுக்கும் கடைசியில் வித்தியாசம் ஒரே ஓர் ஆட்டம். ஏப்ரல் தோல்விக்கும் செப்டம்பர் தோல்விக்கும் கணக்கில் ஒரே எடைதான். ஏப்ரலில் தோற்றவர்களை யாரும் சோக் என்று சொல்லவில்லை.

1964க்குத் திரும்புகிறேன். பத்துத் தோல்விக்குப் பிறகும் அந்த அணி சுருண்டு படுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சின்சினாட்டியில் ரெட்ஸை 4-3 என்று ஜெயித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் 4, சீசனின் கடைசி நாள். ஃபில்லீஸ் ஜெயித்து, செயின்ட் லூயிஸில் கார்டினல்ஸ் தோற்றால் ரெட்ஸையும் சேர்த்து மூன்று அணியும் முதலிடத்தில் சமம். அன்றைக்கு வீசியது பன்னிங். இந்தத் தடவை அவருக்கு மூன்று நாள் ஓய்வு கிடைத்திருந்தது. 10-0. ஒரு ரன்கூட விடவில்லை. அந்த ஒரு நாள் ஓய்வு என்ன செய்யும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

செயின்ட் லூயிஸில் கார்டினல்ஸ் நடுவில் ஒரு கட்டத்தில் மெட்ஸிடம் பின்தங்கியிருந்தார்கள். அவர்கள் மேனேஜர் வெள்ளிக்கிழமை எட்டு இன்னிங்ஸ் வீசிய பாப் கிப்சனை, ஒரே நாள் ஓய்வில், மறுபடி இறக்கினார். ஜெயித்தார்கள், 11-5. கார்டினல்ஸ் 93 வெற்றி, ஃபில்லீஸும் ரெட்ஸும் 92. செயின்ட் லூயிஸில் தோற்ற மூன்றில் ஒன்று மாறியிருந்தால் ஃபில்லீஸ் 93, மற்ற இருவரும் 92.

ஜீன் மாக் மொத்தம் 26 சீசன் மேனேஜராக இருந்தார். உலகத் தொடருக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை.

ஃபில்லீஸ் உலகத் தொடரை முதல் முதலாக வென்றது 1980 அக்டோபரில். எதிர்வீட்டுக்காரர் அப்போது இருபத்தேழு வயது இளைஞர். கடைசி ஆட்டத்துக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாராம். போன மாதம் அவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, "அந்த டிக்கெட்டும் இருக்குமே, காட்டுங்களேன்" என்றேன். எழுந்து போய் இரண்டு மேஜை அறையைத் திறந்து பார்த்தார், அலமாரியின் மேல்தட்டில் துழாவினார், மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்புறம் திரும்பி வந்து உட்கார்ந்து, "எங்கேயோ வைத்தேன்" என்றார்.