குடியிருந்தவர்களின் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தில், கடலைப் பார்த்தபடி ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதில் டைன்ஹாம் என்றொரு சிற்றூர். ஒரு பழைய தேவாலயம், அதன் அருகே ஒரே அறை கொண்ட பள்ளிக்கூடம், அஞ்சல் நிலையத்தோடு சேர்ந்த ஒரு வரிசை வீடுகள், ஒரு பண்ணை, சற்றுத் தள்ளி நிலப்பிரபுவின் மாளிகை, கீழே வோர்பாரோ கடற்கரையில் மீனவர் வீடுகள். அவ்வளவுதான் ஊர். 1943 நவம்பரில் இங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இராணுவத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. டிசம்பர் 19க்குள் எல்லோரும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றது அந்தக் கடிதம். அரசு கேட்பது சிறிய தியாகம் அல்ல, ஆனாலும் போரில் வெல்ல இந்த உதவியையும் மனமுவந்து செய்வீர்கள் என்று நம்புகிறோம் என்று அதில் எழுதியிருந்தது.

அருகிலிருக்கும் லல்வர்த்தில் முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே டாங்கிப் படையினர் பீரங்கிப் பயிற்சி செய்துவந்தார்கள். ஐரோப்பியக் கரையில் படையிறங்கும் நாள் நெருங்கியபோது அந்தக் களம் போதவில்லை. அதனால் சுமார் 7,500 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது. அந்தப் பரப்பில் குடியிருந்தவர்கள் 225 பேர். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். போகும் முன் தேவாலயக் கதவில் ஒரு கடிதத்தைக் குத்திவிட்டுப் போனார்கள். இந்தத் தேவாலயத்தையும் வீடுகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், மனிதர்கள் சுதந்திரமாக வாழ வேண்டும் என்ற இந்தப் போரில் வெல்வதற்காகத் தலைமுறைகளாக நாங்கள் வாழ்ந்த வீடுகளைக் கொடுத்திருக்கிறோம், ஒரு நாள் திரும்பி வருவோம், ஊரை அன்போடு நடத்தியதற்கு உங்களுக்கு நன்றி சொல்வோம். இதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

அவர்கள் திரும்பி வரவே இல்லை. 1945இல் போர் முடிந்தது. 1948இல் அரசு அந்த நிலத்தைக் கட்டாயக் கொள்முதல் செய்து இராணுவத்துக்கே நிரந்தரமாக்கிவிட்டது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் போரைப் பற்றியே பேசுகிறார்கள். இன்று நான் பேச விரும்புவது வாடகைதாரர்களைப் பற்றி. டைன்ஹாமில் ஏறக்குறைய எல்லா நிலமும் எல்லா வீடுகளும் பாண்ட் என்ற ஒரே குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தன. 17ஆம் நூற்றாண்டிலிருந்து அவர்கள்தான் அங்கே நிலப்பிரபுக்கள். மீன் பிடித்தவர், மாடு மேய்த்தவர், மாளிகைக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவர், அஞ்சல் நிலையம் நடத்தியவர் என்று ஊரின் மற்ற எல்லோரும் குடிவாரத்திலோ வாடகையிலோ இருந்தவர்கள். ஆகவே இழப்பீட்டுக் கணக்கு எழுதும்போது சட்டத்தின் கண்ணுக்கு நிலத்தின் உரிமையாளர் மட்டுமே தெரிந்தார். குடியிருந்தவர்களுக்குக் கிடைத்தது அவரவர் தோட்டத்தில் அப்போது விளைந்து நின்ற காய்கறிகளுக்கான பணம். பாட்டன் காலத்திலிருந்து வாழ்ந்த இடத்துக்கு விலை, பறிக்காமல் விட்ட முட்டைக்கோசு! இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். டைன்ஹாம் 1943க்கு முன்பே தேய்ந்துகொண்டிருந்த ஊர். பிள்ளைகள் குறைந்துபோனதால் 1932இலேயே பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வீடுகளில் மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. இளைஞர்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இராணுவம் வராவிட்டாலும் அந்த ஊர் விடுமுறை வீடுகளின் ஊராக மாறியிருக்கும் என்று சிலர் வாதிடுகிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒருவர் தாமாக முடிவெடுத்துக் கிளம்புவதும், ஒரு மாதக் கெடுவில் கிளப்பப்படுவதும் ஒன்றல்ல. தாமாகப் போனவருக்கு மறுவருடம் திருவிழாவுக்கு வந்துபோக ஊர் இருக்கும். இவர்களுக்கு முள்வேலியும் எச்சரிக்கைப் பலகையும்தான் இருந்தன.

அதே குளிர்காலத்தில் வில்ட்ஷயரிலும் இதே கதை நடந்தது. சாலிஸ்பரி சமவெளியின் நடுவில் இம்பர் என்ற கிராமம். எந்தப் பட்டணத்துக்கும் ஏழு மைல் தொலைவு என்று அந்தப் பக்கத்து மக்கள் பாட்டாகவே பாடிவைத்திருந்த ஒதுக்குப்புறமான ஊர். இராணுவம் 1897 முதலே அந்தச் சமவெளியில் நிலம் வாங்கிவந்தது. 1920களின் இறுதியில் இம்பரைச் சுற்றிய பண்ணைகளும் ஒவ்வொன்றாக அதன் கைக்குப் போயின. விளைச்சலுக்கு விலை இல்லாத காலம். நல்ல விலை கொடுப்பவரிடம் விவசாயிகள் விற்றார்கள். விற்றவர்கள் குறைந்த வாடகைக்கு அங்கேயே தங்கிக்கொள்ளலாம், அரசு கேட்டால் காலி செய்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. 1943 நவம்பர் 1 அன்று ஊராரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து, 47 நாட்களில் வெளியேற வேண்டும் என்று சொன்னார்கள். அமெரிக்கப் படையினர் தெருச் சண்டை பழக ஒரு நிஜமான ஊர் தேவைப்பட்டது. இம்பரில் அப்போது இருந்தவர்கள் ஏறத்தாழ 150 பேர்.

அந்த ஊர்க் கொல்லர் தன் பட்டறையில் பட்டடைக் கல்லின் மேல் சாய்ந்து அழுதுகொண்டிருந்ததைப் பார்த்ததாக ஊரார் பிற்காலத்தில் சொன்னார்கள். நாற்பது ஆண்டுகளாக அங்கே இரும்பு அடித்தவர். ஊரைவிட்டுப் போன சில வாரங்களிலேயே அவர் இறந்துபோனார். அவரை இம்பருக்குக் கொண்டுவந்துதான் அடக்கம் செய்தார்கள். உயிரோடு திரும்ப முடியாத ஊருக்கு அவருடைய உடல் திரும்பியது.

போர் முடிந்ததும் திரும்பலாம் என்று அதிகாரிகள் வாக்குக் கொடுத்தார்கள் என்பதில் இம்பர் மக்களுக்குக் கடைசிவரை சந்தேகமே இருக்கவில்லை. ஆனால் அந்த வாக்கு எழுத்தில் கிடைக்கவில்லை. ஊர் அவையில் நான்கு பேர் முன்னால் சொன்ன சொல்லே போதும் என்று நினைத்த மக்கள் அவர்கள். எதிரே இருந்ததோ கோப்புகளால் இயங்கும் ஓர் அரசு.

நார்ஃபக் மாவட்டத்திலும் 1942இல் சில கிராமங்கள் இப்படியே போயின. ஆனால் டெவன் மாவட்டக் கரையில் நடந்தது வேறு மாதிரி முடிந்தது. ஸ்லாப்டன் கடற்கரை, படையிறங்க வேண்டிய பிரான்சின் நார்மண்டிக் கரையை அப்படியே ஒத்திருந்தது. முன்னால் கூழாங்கல் மணல், பின்னால் நன்னீர் ஏரி. அமெரிக்கப் படை ஒத்திகை பார்ப்பதற்காக ஸ்லாப்டன், டார்க்ராஸ், ஸ்ட்ரீட், ஸ்டோக்கன்ஹாம் போன்ற ஊர்களிலிருந்து சுமார் 3,000 பேரை 1943 டிசம்பர் 20க்குள் வெளியேற்றினார்கள். ஆட்டு மந்தைகள், வைக்கோல் போர், தாத்தா காலத்துக் கடிகாரம் எல்லாமே வண்டியேறின. 1944 ஏப்ரலில் ஒத்திகைக்கு வந்த கப்பல் அணியை ஜெர்மன் விரைவுப் படகுகள் இரவில் தாக்கி, ஏறத்தாழ 750 அமெரிக்கர்களைக் கொன்றன. பிறகு நார்மண்டிப் படையெடுப்பு நடந்தது. கரை இனித் தேவைப்படவில்லை. மக்கள் திரும்பி வந்தார்கள். சுவர்களில் குண்டுத் துளை, வயல்களில் எலிகளும் முயல்களும், வேலிகள் எல்லாம் நாசம். ஆனாலும் வந்து கதவைத் திறந்தார்கள். வீட்டைக் கொடுத்த மக்களுக்கு நன்றி சொல்லி அமெரிக்க இராணுவம் 1954இல் அந்தக் கரையில் ஒரு நினைவுத்தூண் நட்டது. டைன்ஹாம் மக்கள் கதவில் எழுதிவைத்த அந்த நன்றி ஸ்லாப்டனில் எதிர்த் திசையிலிருந்து வந்தது.

ஒரே குளிர்காலம், ஒரே காரணம். பிறகு ஏன் இந்த வேறுபாடு? இம்பரில் இராணுவமே நிலத்தின் சொந்தக்காரர். டைன்ஹாம் ஏற்கனவே இருந்த பீரங்கிக் களத்தின் பக்கத்து நிலம். டாங்கிகளின் சுடுதூரம் வளர வளர அந்தப் பள்ளத்தாக்கின் தேவையும் வளர்ந்தது. டெவனில் அப்படி நிலைத்த தேவை எதுவும் இருக்கவில்லை. யாருடைய தியாகம் பெரிது என்று யாரும் எடைபோடவில்லை. குடியிருந்தவர்களின் உரிமை எந்தத் தராசிலும் ஏறவில்லை.

அந்த மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1961 ஜனவரியில், ஆஸ்டின் அண்டர்வுட் என்ற உள்ளூர்க் கவுன்சிலரின் முயற்சியில் 2,000க்கும் மேற்பட்டவர்கள் தடையை மீறி இம்பருக்குள் போனார்கள். விசாரணை நடந்தது, தீர்ப்பு இராணுவத்துக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள், செப்டம்பர் 1ஐ ஒட்டிய சனிக்கிழமையில், புனித ஜைல்ஸ் தேவாலயத்தில் வழிபாடு நடத்தும் உரிமை நிலைத்தது. டைன்ஹாமுக்காக 1968இல் ரோட்னி லெக் ஒரு போராட்டக் குழுவைத் தொடங்கினார். பாதுகாப்புத் துறையின் நிலங்களை ஆராய்ந்த நியூஜெண்ட் குழு 1973இல் லல்வர்த் களத்தைத் திருப்பித் தரலாம் என்றே பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. மக்கள் வந்து பார்க்கக் கூடுதல் நாட்கள் கிடைத்தன, ஊர் கிடைக்கவில்லை.

இராணுவத்தின் பக்கம் நிற்பவர்கள் ஒன்றைச் சொல்வார்கள். பூச்சிமருந்தும் செயற்கை உரமும் படாததால் அந்த நிலத்தில் அரிய பூக்களும் பட்டாம்பூச்சிகளும் பிழைத்திருக்கின்றன, கரையில் ஹோட்டல்கள் முளைக்கவில்லை என்று. அது உண்மைதான், மதிக்க வேண்டியதும்கூட. ஆனால் அதை 1948இன் முடிவுக்குப் பின்னால் தேடிப் பிடித்த நியாயமாகக் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன். பட்டாம்பூச்சிக்காக யாரும் அந்த மக்களைக் கிளப்பவில்லை.

இன்று டைன்ஹாம் பெரும்பாலான வார இறுதிகளில் திறந்திருக்கிறது. மாளிகையின் பெரும்பகுதி 1967இல் இடிக்கப்பட்டுவிட்டது. வீடுகளுக்குக் கூரை இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தைப் பழையபடி சீர்படுத்தி, கோட்டு மாட்டும் முளைகளில் பிள்ளைகளின் பெயர்களையும், மேசைகளில் அவர்களின் இயற்கைப் பாடக் குறிப்பேடுகளையும் வைத்திருக்கிறார்கள். கூரையற்ற ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு பலகை இருக்கிறது. அங்கே எந்தக் குடும்பம் வாழ்ந்தது, என்ன தொழில் செய்தது என்று படத்தோடு சொல்கிறது. மாளிகைக்குத் தையலும் சலவையும் செய்த குடும்பத்துப் பெண் ஒருவர் 1999இல் மறைந்தபோது, அவருடைய சாம்பலை இந்த ஊர் மண்ணில்தான் சேர்த்தார்கள்.

இம்பரில் ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் சாலை திறக்கும். 2009 முதல் வார்மின்ஸ்டரிலிருந்து பழைய இலண்டன் மாடி பஸ்களை அந்த வழியில் ஓட்டுகிறார்கள். வழியெல்லாம் துருப்பிடித்த டாங்கிகள். தேவாலயத்தின் கோபுர அறைச் சுவரில், மணிகளை எந்த வரிசையில் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டில் மணியடிப்பவர்கள் தீட்டிவைத்த அட்டவணை இன்னும் அழியாமல் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைக்கும் நேயர்கள் புறப்படும் முன் திறந்திருக்கும் தேதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் இரண்டு இடங்களிலும் இன்றும் துப்பாக்கிச் சூடு நடக்கிறது. நன்றி, வணக்கம்.